காற்றை மறந்த பெட்டி

பிரயாணத்துக்குப் புறப்படுகிறவர் தம் பெட்டியில் அடுக்கும் பொருள்களைப் பார்த்தால், போகிற தேசத்தைப் பற்றி அவர் மனத்தில் கொண்டிருக்கும் அபிப்பிராயம் இன்னதென்று எளிதில் சொல்லிவிடலாம். அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடமேற்குக் கரைக்கு எதிரே கிடக்கும் கேனரித் தீவுகளுக்கு விடுமுறையைக் கழிக்கச் செல்கிறவர்களில் பலர், மெல்லிய பருத்திச் சட்டைகளும், ரப்பர் செருப்பும், நீச்சல் உடையும், அகன்ற ஓலைத் தொப்பியுமாகப் பெட்டியை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். வெயிலும் கடலுமே அத்தீவுகளின் சொரூபம் என்று விளம்பரப் படங்கள் அவர்களுக்குக் கற்பித்திருக்கின்றன. அந்த மண்ணில் எது விளையும் என்பதையும், மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதையும், குடியானவன் தன் கொடியைச் சுற்றி எவ்வளவு உயரத்துக்குச் சுவர் எடுப்பான் என்பதையும் நிர்ணயிக்கிற காற்றோ எந்தப் படத்திலும் அகப்படுவதில்லை. அக்காற்றை உத்தேசித்து ஒரு பொருளும் வைக்கப்படாத பெட்டி, எவ்வளவு நேர்த்தியாக அடுக்கப்பட்டிருந்தாலும், அத்தீவுகளுக்குப் போகத் தகுந்த பெட்டி அன்று என்பது என் திடமான அபிப்பிராயம். நம் நாட்டிலிருந்தும் ஐரோப்பிய யாத்திரை செய்வோர் பெருகிவரும் இக்காலத்தில் இதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன்.

ஸ்பெயின் தேசத்துக்கு உரிய இத்தீவுக் கூட்டத்தில் மக்கள் குடியிருக்கும் தீவுகள் எட்டு. டெனரீஃப், கிரான் கனாரியா, லான்ஸரோத்தே, ஃபுவெர்த்தேவெந்தூரா, லா பால்மா, லா கோமேரா, எல் இயர்ரோ என்னும் ஏழும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. சாலைக்குத் தார் காணாத சின்னஞ்சிறு லா கிராசியோசா எட்டாவது. எல்லாமே கடலின் அடித்தளத்திலிருந்து எரிமலைகள் கக்கிய குழம்பு இறுகி எழுந்த தீவுகள். 28ஆம் வட அட்சரேகையை ஒட்டி, சஹாரா பாலைவனத்துக்கு எதிரே அவை அமைந்திருக்கின்றன. ஃபுவெர்த்தேவெந்தூராவுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையேயுள்ள தூரம் சுமார் 100 கிலோமீட்டர்தான். பாலைவனத்துக்கு இத்தனை அண்மையில் இருந்தும் அத்தீவுகள் வெந்து தணியாமல் மிதமான சீதோஷ்ணத்துடன் விளங்குவதற்கு, வடக்கிலிருந்து கரையோரமாக இறங்கி வரும் குளிர்ந்த கடல் நீரோட்டமும், வடகிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதியும் ஓயாமல் வீசும் வியாபாரக் காற்றுமே காரணம். அக்காற்றை அங்குள்ள ஜனங்கள் அலிஸியோஸ் என்கிறார்கள். 1492ஆம் வருஷம் கொலம்பஸ் இத்தீவுகளில் தங்கித் தம் கப்பல்களைச் செப்பனிட்டு, அவற்றுள் ஒன்றின் முக்கோணப் பாய்களை அகற்றிச் சதுரப் பாய்களைக் கட்டிக்கொண்டு, செப்டம்பர் மாதத்தில் லா கோமேராவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டதும் இந்தக் காற்றின் துணையை நம்பித்தான்.

கோடைக்காலத்தில் போனால் காற்றுத் தொல்லை இராது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. வியாபாரக் காற்று வலுத்து வீசுவது வெயில் மிகுந்த ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேதான். வெயிலும் காற்றும் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதில்லை. ஒரே நாளில், ஒரே நாழிகையில், ஒரே தோளின் மேல் இரண்டும் சேர்ந்தே படுகின்றன. அத்தீவுகளுக்கென்று பெட்டி கட்டுவதில் உள்ள சூட்சுமமெல்லாம் இந்தச் சேர்க்கையை உணர்வதில்தான் இருக்கிறது.

இதில் மலை செய்கிற காரியமும் ஒன்று உண்டு. ஈரத்தைச் சுமந்துகொண்டு வடகிழக்கிலிருந்து வரும் காற்று உயர்ந்த தீவுகளின் வடசரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகத் திரள்கிறது. அதற்கு மேலே உலர்ந்த வெப்பக் காற்று ஒரு மூடியாகக் கவிந்திருப்பதால், 1,000 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரையுள்ள உயரத்தில் அம்மேகம் மேலும் எழ வழியின்றிப் பரந்து கிடக்கிறது. மேகக் கடல் என்று அங்குள்ளோர் அழைக்கும் அந்தப் பரப்புக்குள் எப்போதும் பனிமூட்டம் சொட்டிக்கொண்டிருக்கிறது. லா கோமேராவின் நடுவே கராஹொனாய் என்னும் தேசியப் பூங்காவில், பழங்காலத்து லாரல் வனம் இன்றைக்கும் பாசி படர்ந்த கிளைகளுடன் நிற்பது அந்த ஈரத்தைக் குடித்துத்தான். மேகத்துக்கு மேலே நிர்மலமான ஆகாயம்; தீவின் தென்சரிவிலோ மழை காணாத வறண்ட பூமி. ஆகவே, டெனரீஃப் தீவில் விடியற்காலையில் வடபுறத்து வனத்தில் நனைந்து, நண்பகலில் தெற்கே கடற்கரையில் வியர்த்து, மாலையில் டெய்டே மலையில் நடுங்குவது ஒரே நாளில் நிகழக் கூடிய சம்பவம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் உஷ்ணம் ஏறக்குறைய ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. டெய்டேயின் உயரமோ 3,715 மீட்டர். கடற்கரையில் 25 டிகிரி இருக்கிற நாளில் சிகரத்தருகே உறைநிலையை ஒட்டிய குளிர் நிலவுவதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

இந்த உண்மையைச் சரித்திரத்தில் நன்றாக அனுபவித்து எழுதி வைத்தவர் ஜெர்மானிய விஞ்ஞானி அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1799ஆம் வருஷம் ஜூன் மாதம், அமெரிக்காவை நோக்கிச் செல்லும் வழியில், தம் தோழரான தாவரவியல் அறிஞர் போன்பிளானுடன் டெனரீஃபில் இறங்கி, டெய்டேயின் மேல் ஏறினார். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் இன்னும் பலவற்றையும் அளக்கும் கருவிகளை அரும்பாடுபட்டுச் சேகரித்து அந்த யாத்திரைக்குக் கொண்டுவந்திருந்த அந்த மகா பண்டிதர், மலைமேல் ஓர் இரவைக் கழிப்பதற்கு வேண்டிய கூடாரத்தையோ போர்வை அங்கியையோ கொண்டு போகவில்லை. 3,000 மீட்டருக்குச் சற்றுத் தாழ்வான ஓரிடத்தில் பாறைகளின் மேல் படுத்துக் கிடந்தபோது, குளிருக்காக மூட்டிய தீயின் சுவாலையையும் புகையையும் காற்று அவர்கள் பக்கமே தள்ளிக்கொண்டு வந்தது. துணிகளை ஒன்றோடொன்று முடிந்து ஒரு மறைப்புக் கட்டிப் பார்த்தார்கள். அதிலும் தீப் பற்றிக்கொண்டது. மறுநாள் உச்சியில், காலடியில் எரிமலையின் வெப்பம் பாதரட்சையைத் தாண்டிச் சுட, முகமோ குளிரில் விறைத்துப்போக, நிற்கவும் விடாத காற்றிடையே அவர் தம் ஆராய்ச்சியைச் செய்து முடித்தார். அது நடுக் கோடை என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

இன்றைக்கு அந்த மலையில் ஏறுவதற்கு ஓர் இரவைப் பாறைமேல் கழிக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. கேபிள் கார் 2,356 மீட்டர் உயரத்தில் ஏற்றிக்கொண்டு, சில நிமிஷ நேரத்தில் 3,555 மீட்டரில் இறக்கிவிட்டுவிடுகிறது. இந்தச் சௌகரியமே ஒரு விதத்தில் ஆபத்து. கால்நடையாக ஏறுகிறவன் குளிரைப் படிப்படியாக உணர்ந்து, உடலைச் சூடேற்றிக்கொண்டு போகிறான். பெட்டிக்குள் நின்றவாறே மேலே போகிறவனோ கடற்கரையில் உடுத்திய உடையோடு திடீரென்று காற்றின் வாயில் போய் நிற்கிறான். காலில் ரப்பர் செருப்பும் முழங்காலுக்கு மேல் நிற்கும் காற்சட்டையுமாக அந்த மேல் நிலையத்தில் இறங்குகிறவர்கள், காட்சியைக் காண வந்ததையே மறந்து, திரும்பும் வண்டிக்காகச் சுவரோரம் ஒதுங்கி நிற்க நேர்கிறது. அந்த உயரத்தில் மூச்சும் சற்றுச் சிரமப்படும் ஆகையால், இருதய நோயும் சுவாச நோயும் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் போகாதிருப்பதே நலம். காற்று மிகுந்த நாள்களில் கேபிள் கார் ஓடுவதும் இல்லை. ஆதலால் மலைக்கென்று ஒரே ஒரு நாளைக் குறித்துக்கொண்டு போகாமல், ஒன்றிரண்டு நாள்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்வதையும் பெட்டி கட்டுவதன் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். மேல் நிலையத்துக்கும் அப்பால் சிகரம்வரை நடக்க விரும்புவோர், தேசியப் பூங்காவின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் எதை எடுத்துக்கொள்வது? குளிர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் எடுத்து வைப்பது தடித்த கம்பளி ஸ்வெட்டர். அது பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்வதோடு, தனியாக அணிந்தால் அத்தீவுகளில் எதிர்பார்த்த அளவுக்குப் பயன்படுவதும் இல்லை. நம் தேகத்தைச் சுற்றிலும் உடற்சூட்டினால் வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றுப்படலம் எந்நேரமும் இருக்கிறது. அசைவற்ற குளிரில் அதைக் காப்பாற்றிக் கொடுப்பது கம்பளியின் தொழில். வீசுகிற காற்றோ பின்னலின் துவாரங்கள் வழியே புகுந்து அந்தப் படலத்தையே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. காற்றைப் புகவிடாத நெருக்கமான நெசவுள்ள, கைக்குள் சுருட்டிவிடக் கூடிய மெல்லிய மேலங்கி ஒன்றை, தலையை மூடும் குல்லாயோடு சேர்ந்ததாக, மேலே போட்டுக்கொண்டால், உள்ளே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையே போதுமானது. முன்பு நம் கடைகளில் விண்ட்சீட்டர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதுதான். அது மழைத் தூறலையும் தாங்கினால், வடசரிவின் பனிமூட்டத்துக்கும் அதுவே ஆகிவிடும். டெனரீஃபின் மேட்டு நிலத்து ஆடு மேய்ப்போர் தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் சுருக்கிக் கட்டிக்கொண்ட நீண்ட கம்பளிப் போர்வை ஒன்று உண்டு. லா எஸ்பெரான்ஸா என்னும் ஊரின் பெயரால் வழங்கும் அந்தப் போர்வை, தோளிலிருந்து கணுக்கால்வரை தொங்கிக் காற்றையும் ஈரத்தையும் ஒருங்கே தடுத்தது. வெயிலுக்குப் பேர்போன தீவில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்படி ஓர் உடையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை, வெளியிலிருந்து சில நாள் போகிறவர்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

குளிரைக் காட்டிலும் அதிகமாக ஜனங்களை ஏமாற்றுவது வெயில். வெப்பம் உறைத்தால் நிழலைத் தேடுவது தேகத்தின் சுபாவம். ஆனால் அத்தீவுகளில் ஓயாத காற்று மேனியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால், வெயில் படுகிற உணர்வே இல்லாமல் மணிக்கணக்கில் நடந்துவிடுகிறோம். தோலைப் பொசுக்குவது புற ஊதாக் கதிர், சூடு அன்று. காற்று சூட்டைத் தணிக்குமே ஒழியக் கதிரைத் தணிப்பதில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் அக்கதிரின் வலிமை பத்து சதவீதத்துக்கும் மேலாகக் கூடுகிறது. உலர்ந்த மணலும் கடல் நுரையும் தம் பங்குக்கு அதைப் பிரதிபலித்து நம்மேல் திருப்பி அனுப்புகின்றன. நாங்கள் சென்னை வெயிலையும் மதுரை வெயிலையும் கண்டவர்கள், கறுத்த மேனிக்கு என்ன வந்துவிடும் என்று நம்மவர் சொல்வதுண்டு. கருமை ஓரளவு காப்பு என்பது மெய்தான். முழுக் காப்பு என்று எண்ணுவது தவறு. தவிரவும், நம் ஊரில் உச்சி வெயிலில் யாரும் மூன்று மணி நேரம் திறந்த வெளியில் உல்லாசமாக உலாவுவதில்லை. அங்கே அதைத்தான் செய்கிறோம். முப்பதுக்குக் குறையாத காப்பெண் உள்ள சன்ஸ்கிரீன் களிம்பைத் தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் கடலில் குளித்தெழுந்த பின்பும் மறுபடியும் பூசிக்கொள்வது ஆடம்பரம் அன்று. உப்புக் காற்றில் முதலில் வெடிப்பது உதடு. அதற்கொரு களிம்பும், கண்ணை ஒட்டிப் பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். லென்ஸ் அணிகிறவர்கள் சாதாரண மூக்குக் கண்ணாடியையும் கூடவே எடுத்துச் செல்வது உத்தமம்.

தொப்பியைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். லான்ஸரோத்தேயின் வயல்களில் வேலை செய்த பெண்கள் தலையையும் காதையும் கழுத்தையும் துணியால் இறுகச் சுற்றி, அதன்மேல் ஓலைத் தொப்பியைக் கட்டிக்கொள்வார்கள். துணி காற்றுக்கும் மணலுக்கும், தொப்பி வெயிலுக்கும் என்று இரண்டு விரோதிகளுக்கு இரண்டு காவல். தாடைக்குக் கீழே கயிறு இல்லாத தொப்பி அத்தீவுகளில் அரை நாள்கூட நம் தலையில் தங்காது. நம் பெண்கள் துப்பட்டாவைக் கொண்டே அந்த முதற்காவலைச் செய்துகொள்ளலாம்; ஆனால் அதைத் தோளில் தொங்கவிடாமல் சுற்றி முடிந்துகொள்ள வேண்டும். சேலை உடுத்தும் பழக்கமுள்ள மூத்தவர்கள் ஊருக்குள்ளும் உணவு விடுதிக்கும் அதை உடுத்திச் செல்லத் தடை ஒன்றும் இல்லை. மலை முகட்டுக்கும் பாறைக் கரைக்கும் போகிற நாளில் மட்டும், காலை இடறிவிடாத சல்வாரோ காற்சட்டையோ அணிவது அவர்கள் பாதுகாப்புக்கே நல்லது. குடையை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

இனிக் கால். எரிமலை மண்ணில் நடப்பது நம்மில் பலர் அறியாத ஓர் அனுபவம். 1730ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி இரவு லான்ஸரோத்தேயில் திமான்ஃபயா என்னுமிடத்தில் பூமி பிளந்தது. பிறகு 1736வரை ஆறு ஆண்டுகள் விட்டு விட்டு நெருப்பைக் கக்கி, தீவின் செழிப்பான வயல்களையும் பல கிராமங்களையும் மூடி, நாலில் ஒரு பங்கு நிலத்தைக் கருங்கல் காடாக்கிற்று. யாய்ஸா என்ற ஊரின் பாதிரியாராக இருந்த ஆந்த்ரேஸ் லொரென்ஸோ குர்பெலோ அந்த உற்பாதத்தை நாள்வாரியாகக் குறித்து வைத்ததனால் இன்றைக்கும் அதன் வரலாறு நமக்குக் கிடைக்கிறது. இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அங்கே மண் என்று சொல்லத்தக்கது அநேகமாக உண்டாகவில்லை. இறுகிய குழம்பின் விளிம்புகள் கண்ணாடிச் சில்லின் கூர்மையோடு நிற்கின்றன. எரிமலைக் குன்றுகளின் சரிவிலோ கறுத்த பரல் காலுக்கடியில் உருண்டு உருண்டு பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகையால் கணுக்காலைப் பற்றிக்கொள்ளும், அடித்தோல் தடித்த, பள்ளம் ஆழ்ந்த ஷூ ஒன்று வேண்டும். அது புதிதாக இராமல், ஊரிலேயே சில வாரம் நடந்து பழகியதாக இருக்க வேண்டும். பரல் உள்ளே புகாதபடி உயர்ந்த காலுறையும் அவசியம். வெயிலில் காய்ந்த கறுப்பு மணற்கரைகளில் வெறுங்காலோடு நடக்க முடியாது; ரப்பர் செருப்புக்கு அங்கேதான் வேலை.

திமான்ஃபயா பூங்காவின் மத்தியப் பகுதியில் யாரும் தம் விருப்பப்படி நடந்து திரிய அனுமதி கிடையாது. பஸ்ஸில் சுற்றிக் காட்டுகிறார்கள். அதுதான் சரி. அந்தப் பாறைகளின் மேல் வெளிர்பச்சையாகப் படர்ந்திருக்கும் லைக்கன் என்னும் பாசிக்காளான், வெற்றுக் கல்லில் உயிர் வேரூன்றும் முதற்படி. ஒரு காலடியில் அது நசுங்கினால், மறுபடி படர்வதற்கு மனித ஆயுள் போதாது. நல்ல ஷூ இருக்கிறது என்பதற்காகப் பாதையை விட்டு விலகுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தீவுகளின் நெருப்பு பழங்கதை என்றும் எண்ணிவிடக் கூடாது. லா பால்மாவில் 2021 செப்டம்பர் 19 தொடங்கி எண்பத்தைந்து நாள் எரிமலை பொங்கி, வீடுகளையும் வாழைத் தோட்டங்களையும் விழுங்கிக் கடல்வரை ஓடியது. அங்கே இப்போது கறுத்துக் கிடக்கும் நிலம் பலருடைய வீடு இருந்த இடம் என்ற நினைவோடு அதன் பக்கம் போக வேண்டும்.

அதே லான்ஸரோத்தேயில் லா ஹேரியா என்னும் பிரதேசத்தைப் பார்க்கிறவர்களுக்கு நான் இதுவரை சொல்லிவந்ததெல்லாம் கண்ணெதிரே விளங்கும். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்யும் அந்த நிலத்தில், குடியானவர்கள் எரிமலைச் சாம்பல் படுகையைத் தோண்டி, ஓர் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட ஆழத்தில் குழி பறித்து, அடியிலுள்ள பழைய மண்ணில் திராட்சைக் கொடியை நட்டிருக்கிறார்கள். சாம்பற் பரல் இராப்பனியின் ஈரத்தைக் காத்துக் கொடிக்கு ஊட்டுகிறது. குழியின் வடகிழக்கு விளிம்பில் பிறை வடிவாக அடுக்கிய தாழ்ந்த கற்சுவர் காற்றைத் தடுக்கிறது. ஆயிரக்கணக்கான பிறைகள், எல்லாம் ஒரே திசையை நோக்கியபடி. வாழ்ந்த வயலை நெருப்பு விழுங்கிய பிறகு, அந்த நெருப்பின் சாம்பலையே கொண்டு விளைவிக்கக் கற்ற அந்த ஜனங்களின் புத்தி நுட்பத்தையும் பொறுமையையும் எத்தனை போற்றினாலும் தகும். எல் இயர்ரோவின் மேற்கு முனையில் ஸபீனா மரங்கள் காற்றுக்கு வளைந்து, முடி தரையைத் தொடும்படி நிற்கின்றன. அந்தத் தீவே 2014 முதல் காற்றாலைகளையும் நீரை மேலே ஏற்றித் தேக்கும் நிலையத்தையும் சேர்த்து மின்சாரம் எடுத்துவருகிறது.

கடலில் குளிக்கும் ஆசையுள்ளவர்கள், குளிர்ந்த நீரோட்டம் என்று மேலே குறிப்பிட்டதை நினைவில் வைக்க வேண்டும். குளிர்காலக் கடைசியில் கடல் நீர் 18 அல்லது 19 டிகிரிதான்; கோடை முடிவிலும் 23 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. வங்கக் கடலின் வெதுவெதுப்பில் பழகியவர்களுக்கு அது குளிர்ச்சியே. நீரிலிருந்து எழுந்த ஈர மேனியில் காற்றுப் படும்போது அக்குளிர் இரட்டிப்பாகும் ஆகையால், குழந்தைகளுக்குத் தலையோடு போர்த்தும் துண்டு அங்கி ஒன்று கட்டாயம் வேண்டும். ஃபுவெர்த்தேவெந்தூராவின் கரைகளில் குளிக்க வருவோர் ஒதுங்குவதற்குக் கல்லடுக்கிய அரைவட்டச் சுவர்கள் இருப்பதைக் காணலாம். பறக்கிற மணல் கணுக்காலில் ஊசியாகக் குத்தும்போது அவற்றின் அருமை தெரியும். தீவுக்குத் தீவு கப்பலில் போகிறவர்களுக்குக் கடற்பிணி மாத்திரை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவர்கள் வழக்கமாக உபயோகிக்கும் மருந்து, ஒரு முகமூடி. ஏனென்றால் சில நாள்களில் காற்றுத் திசை மாறி, சஹாராவின் தூசியைச் சுமந்துகொண்டு கலீமா என்னும் வெப்பப் புழுதி தீவுகளை மூடிவிடும். 2020 பிப்ரவரியில் அதன் காரணமாக விமான நிலையங்களையே மூட நேர்ந்தது.

உடையின் எண்ணிக்கையில் காற்று ஓர் உபகாரமும் செய்கிறது. இரவில் துவைத்துப் போட்ட சட்டை காலைக்குள் உலர்ந்துவிடும். நாளுக்கொரு சட்டை வீதம் சுமந்து போவதை விட்டு, மூன்று நான்கைத் துவைத்து உடுத்திக்கொண்டால் பெட்டி பாதியாகும். ஆனால் துணிக் கிளிப்புகள் பத்துப் பன்னிரண்டை மறவாமல் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிடில் அடுத்த வீட்டு மாடியில் போய்ச் சட்டைகளைத் தேட நேரும். மலையில் நடக்கிறவர்கள் தண்ணீரும் கையுணவும் கூடவே கொண்டு போகட்டும். அத்தீவுகளின் இடையர்கள் வறுத்து அரைத்த தானிய மாவை ஆட்டுத்தோல் பையில் இட்டு, நீரோ பாலோ தெளித்துப் பிசைந்து உண்டு நாள் முழுவதும் நடந்தார்கள். கோஃபியோ என்ற அந்த மாவு நம் வீட்டுச் சத்துமாவைப் போன்றதே ஆகையால், நம்மவர் நாவுக்கு அது அந்நியமாக இராது. இங்கிருந்து பொட்டலம் பொட்டலமாகத் தின்பண்டம் சுமப்பதற்குப் பதில் அங்குள்ள கடையிலேயே அதை வாங்கிக்கொள்ளலாம். மற்றவை பொதுவானவை: ஷெங்கன் விசா, பாஸ்போர்ட்டு, வட்டக் கால் மின்செருகி. கடிகாரத்தை ஸ்பெயின் பெருநிலத்தின் நேரத்திலிருந்து ஒரு மணி பின்னுக்குத் தள்ள வேண்டும்.

பிரயாண ஏற்பாட்டாளர்கள் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பட்டியல்களில் இவற்றுள் பாதியும் இடம்பெறுவதில்லை. எந்தக் கடற்கரைக்கும் ஒரே பட்டியலையே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். வயோதிகர்களையும் குழந்தைகளையும் அவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்றவர்கள், அந்த இடத்தின் காற்று எப்போது வலுக்கும், மலைமேல் உஷ்ணம் எவ்வளவு என்ற இரண்டு வரிகளைச் சேர்ப்பது தங்கள் கடமை என்று உணர வேண்டும். கேட்டு வாங்குவது பிரயாணிகளின் கடமை.

திரும்பி வரும்போது பெட்டியில் இடம் இருக்கும். அந்த இடத்தைக் கல்லாலும் மணலாலும் நிரப்பிக்கொண்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது அத்தீவு மக்களின் நியாயமான மனக்குறை. டெய்டேயிலும் திமான்ஃபயாவிலும் ஒரு கூழாங்கல்லை எடுப்பதும் சட்டத்துக்கு விரோதம். ஃபுவெர்த்தேவெந்தூராவின் வடகரையில், கொர்ரலேஹோவுக்கு அருகே, பொரித்த சோளம்போல வெளுத்த சிறு துண்டுகளால் ஆன ஒரு கரை உண்டு. அவை சுண்ணாம்பு படிந்த கடற்பாசியின் எலும்புக்கூடுகள். அந்தப் பாசி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளர்கிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். உள்ளங்கை நிறைய அள்ளுகிறவர், பல தலைமுறைக் காலத்தை ஒரு கண நேர ஆசைக்காக எடுத்துக்கொண்டு போகிறார். வருகிற லட்சோபலட்சம் பேரும் ஆளுக்கு ஒரு பிடி எடுத்தால் கரை எங்கே இருக்கும்? அந்த மண்ணின் ஞாபகமாக ஏதேனும் கையில் இருந்துதான் தீர வேண்டும் என்கிறவர்கள், லான்ஸரோத்தேயின் ஹனூபியோ உப்பளத்து உப்பை வாங்கி வரலாம். 1730களின் எரிமலைக் குழம்பு கடலின் ஒரு பகுதியை அடைத்து உண்டாக்கிய காயலை ஒட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த பாத்திகள் அவை. அங்கே ஒரு காலத்தில் நீர் இறைத்தது காற்றாலைகள், நீரை வற்றச் செய்வது இன்றைக்கும் வெயிலும் காற்றுமே. விலை அதிகமில்லை, கொடுக்கிற காசு பாத்தியில் உழைக்கிறவர்களுக்குப் போய்ச் சேரும்.